வெயிலில் போட்ட இலை

அக்டோபர் 27, திங்கள்

தங்கச்சி கெசியா மஸ்கட்டிலிருந்து போன் பண்ணினாள். டிசம்பர் பதினெட்டாம் தேதி வருகிறார்கள். டிக்கெட்டே போட்டாயிற்றாம். "அக்கா, மெர்லின் தலைகால் புரியாம ஆடிட்டு இருக்கா. பன்னுவ பாக்கப் போறேன், பன்னுவ பாக்கப் போறேன்னு வீட்டையே ரெண்டாக்கறா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ரொம்ப சந்தோஷம் என்றேன். கேக்குக்கு முந்திரி, திராட்சை ஊறப்போடணும் என்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு அரிசி களைந்தேன். ஏற்கெனவே களைந்து வைத்த அரிசி அது.

பிறகு மத்தி மீன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பன்னு, பன்னு" என்று பூனையைக் கூப்பிட்டேன். அது மீனைப் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை.

இது நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு வரும் கம்பெனி ரெப் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் காய்ச்சல் மாத்திரை விளம்பரம். ஜனவரியிலிருந்து இதில்தான் எழுதுகிறேன், அந்தப் படம் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் முதலில் அதுதான் தெரிகிறது.

அக்டோபர் 29, புதன்

மெர்லின் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருக்கிறாள். பன்னிரண்டு வயசுப் பெண், ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி உத்தரவு போடுகிறாள்.

"பெரிம்மா, கேட்னிப் பூ விட்டிருச்சுன்னு போட்டோ அனுப்புனீங்கல்ல, இப்பதான் வெட்டணும். தண்டோட வெட்டி, கட்டுக் கட்டி, தலைகீழா தொங்க விடுங்க. இருட்டு ரூம்ல. காத்து வரணும். வெயில் மட்டும் படவே கூடாது, வெயில் பட்டா அந்த வாசனை எண்ணெய் எல்லாம் போயிரும். நல்லா மொறுமொறுன்னு ஆனதும் இலைய மட்டும் உருவி பாட்டில்ல போட்டு டைட்டா மூடி வைங்க. நான் வந்து என் கையால திறப்பேன். பன்னு எப்படி உருளுவான் பாருங்க!"

இந்தச் செடியின் விதையை மே மாதம் அவள்தான் கொடுத்தனுப்பினாள். பார்வைக்குப் புதினாவுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். நான் பூனைப் புதினா என்றுதான் சொல்வேன். ஆகஸ்டில் செடி ஒரு முழ உயரம் வந்தபோது பன்னு அதில் விழுந்து, புரண்டு, எச்சில் ஒழுக்கி, இரண்டு தொட்டியை உடைத்தான். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடுவதும் அந்த வீடியோவில் இருக்கிறது. மெர்லின் அதைத் தினமும் பார்க்கிறாளாம்.

கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். "சில பூனைக்கு இது ஒண்ணுமே செய்யாதாம் பெரிம்மா. அதுங்க ரத்தத்திலயே இல்லையாம். நம்ம பன்னு லக்கி."

அக்டோபர் 31, வெள்ளி

வாராந்திர வீடியோ கால். பூனையை மடியில் வைத்து, அதன் இடது காது என் கைக்குள் இருக்கும்படி பிடித்துக்கொண்டேன். கை வலித்தது. "பன்னு இப்பல்லாம் ரொம்ப சாதுவாயிட்டான்ல?" என்றாள் மெர்லின். "வயசாகுதுல்ல" என்றேன். அவளுக்குப் பின்னால் கெசியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை சிரிக்கிறாள் என்ற சந்தோஷத்தில்தான்.

நவம்பர் 2, ஞாயிறு

கோவிலில் நற்கருணை. நான் எழுந்து போய் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னுலட்சுமி அக்காவிடம் ஒரு பொய், தங்கையிடம் ஒரு பொய், பிள்ளையிடம் வெள்ளிக்கு வெள்ளி ஒரு பொய். சொந்த டைரியிலும் சுற்றி வளைத்து எழுதினால், அப்புறம் எனக்கு உண்மை எழுத இடம் ஏது? எழுதித் தொலைக்கிறேன்.

பன்னு செப்டம்பரில் செத்துப்போனான். நான்தான் கொன்றேன்.

எங்கேயோ சண்டை போட்டுவிட்டு முதுகில் கடியோடு வந்தான். காது இரண்டும் கொதித்தது, சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கால்நடை ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை சும்மா இருக்குமா? கடையில் எத்தனை தாய்மார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "பியூலாக்கா, நெருப்பா கொதிக்குது, ஏதாச்சும் குடுங்க" என்று நின்றிருக்கிறார்கள். அதே கை. காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்து, பொடித்து, வெண்ணெயில் குழைத்து நாக்கில் தடவினேன். நக்கிக்கொண்டான். என்னை நம்பி நக்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் முகம் வீங்கியிருந்தது. ஈறு பழுப்பாகிவிட்டது. மூச்சு இரைத்தது. ஆட்டோ பிடித்து ஓடினேன். டாக்டரம்மா, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மா, "பூனைக்கு அது விஷம்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் போய்விட்டான். கொல்லையில் பேரிக்காய் மரத்தடியில் புதைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடத்தான் இருந்தேன், சத்தியமாக. ஆனால் கெசியா முந்திக்கொண்டாள். மெர்லின் அந்த ஸ்கூலில் யாரோடும் பேசுவதில்லையாம், டிபன் டப்பா அப்படியே திரும்பி வருகிறதாம், பன்னுவைப் பற்றிப் பேசினால் மட்டும் வாய் திறக்கிறாளாம். "அக்கா, அவ உசுரே அந்தப் பூனைதான். உன்கிட்ட விட்டுட்டு வந்தத நீ நல்லா பாத்துக்கறதால நான் நிம்மதியா இருக்கேன்" என்றாள். "பன்னு எங்க?" என்று பிள்ளை கேட்டாள். "தூங்கறான்" என்றேன்.

அடுத்த வாரமே பஸ் ஏறிப் போய், கீழ் பஜாரில் ஒரு பேக்கரியில் மாவு மூட்டை மேல் படுத்திருந்த பூனையைப் பார்த்தேன். அதே பன் நிறம். நெஞ்சில் அதே வெள்ளை. மலையாளத்துக்காரரான பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே, "எடுத்துக்கோங்க சேச்சி, உறங்கறதுதான் இவனுக்கு ஜோலி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பன்னுவுக்கு இடது காதில் ஒரு கிழிசல் உண்டு. இதற்கு இல்லை.

நவம்பர் 5, புதன்

மூன்று தொட்டியிலும் கதிர் பிடித்து ஊதாப் பூ. வெட்டிவிட்டேன். கட்டுக் கட்டுவதற்கு முன்னால் ஒரு கொத்தைக் கசக்கிப் பூனை முன்னால் போட்டேன். கும்பிட்டுக்கொண்டே போட்டேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். முகர்ந்தது. தும்மியது. வாலைத் தூக்கிக்கொண்டு போய் மிதியடியில் படுத்துக்கொண்டது.

ரத்தத்திலேயே இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

"வெட்டிட்டீங்களா பெரிம்மா? தொங்க விட்டுட்டீங்களா? காட்டுங்க."

காட்டினேன். சாமான் அறையில் கொடி கட்டி, ஜன்னலுக்குத் துணி போட்டு, நான்கு கட்டும் தலைகீழாக. கைதட்டினாள். பிறகு குரலை இறக்கி, "பெரிம்மா, பன்னு என்னை மறந்திருப்பானா?" என்றாள்.

"மறப்பானா?" என்றேன்.

"மறந்தாலும் பரவால்ல. பாட்டில திறந்தா ஞாபகம் வந்துரும்."

இந்தப் போன் வருவதே பன்னுவுக்காகத்தானே என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அவன் இல்லையென்று தெரிந்தால் வெள்ளிக்கிழமை யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்? சரி, அது கிடக்கட்டும். பிள்ளையின் மனசு உடையக் கூடாது, அதுதான் முக்கியம்.

நவம்பர் 10, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. வழியை அவளே சொல்லியிருக்கிறாள். வெயில் பட்டால் வாசனை போய்விடும். வாசனை போன இலைக்கு எந்தப் பூனையும் உருளாது. "ஐயோ, பெரிம்மா தெரியாம வெயில்ல போட்டுட்டேன்டி" என்று கையைப் பிசைந்தால் முடிந்தது. பழி இலை மேலேயும் என் மண்டை மேலேயும் விழும். பூனை தப்பிக்கும்.

ஆனால் இந்த ஊரில் வெயிலுக்கு எங்கே போவது? விடாத மழை. துவைத்த ஜாக்கெட் நாலு நாளாக ஈரம் காயாமல் நாறுகிறது. குன்னூரே வெயிலுக்கு ஏங்குகிறது, நான் ஏங்குகிற காரணம் ஆண்டவருக்கு மட்டும் தெரியும்.

நவம்பர் 12, புதன்

மழை.

நவம்பர் 13, வியாழன்

மழை. கேக்குக்குப் பழம் ஊறப்போட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று கடையில் அசிங்கமாக நடந்துகொண்டேன். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஒரு பெண். "அக்கா, வீட்ல பூனைக்குட்டி சுருண்டு படுத்திருக்குங்க, ஒடம்பு சுடுது. புள்ளைங்களுக்குக் குடுக்கற காச்ச மருந்து ஒரு மூடி குடுக்கலாங்களா?" என்றாள்.

நான் கத்தினேன். "அறிவிருக்கா உனக்கு? பூனைக்கு யாராச்சும் அத குடுப்பாங்களா? கொல்லப் பாக்கறியா?"

கடையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியாம கேட்டுட்டேங்க" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கேட்கவாவது செய்தாளே, மகராசி. நான் யாரைக் கேட்டேன்? கல்லாவை விட்டு வெளியே வந்து, ஆட்டோ பிடித்து, குட்டியை எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அவளை அனுப்பினேன். முதலாளி மணிவாசகம் அண்ணன், "பியூலா, ரெண்டு நாள் லீவு போட்டு வீட்ல இரு" என்றார்.

சாயங்காலம் மெர்லினின் கால். தலைவலி என்று சீக்கிரம் வைத்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில்! கோவிலிலிருந்து வந்ததும் சேலைகூட மாற்றவில்லை. நான்கு கட்டையும் அவிழ்த்துக் கோழிக்கூண்டின் தகரத்து மேல் பரப்பினேன். அந்தத் தகரம் அரை மணியில் தோசைக்கல்லாகிவிடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னுலட்சுமி அக்கா துணி உதறிக்கொண்டிருந்தார்கள். "ஏ பியூலா, என்னடி அது? அந்த இலைய நெழல்லதான் காயப் போடணும்னு உன் தங்கச்சி மக சொன்னான்னு நீதானே சொன்னே?"

"மழையில பூஞ்சை புடிச்சிரும்போல இருக்குக்கா. கொஞ்சம் சூடு காட்டலாம்னு."

"கெட்டிக்காரிதான் போ. பச்சையே போயிருச்சு பாரு."

அவர்கள் வீட்டுக் கறுப்புக் கடுவன் பூனை வேலிமேல் உட்கார்ந்து மூக்கை விடைத்துக்கொண்டிருந்தது. கல்லெடுத்து எறிந்து விரட்டினேன்.

நவம்பர் 22, சனி

எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

பூனை ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த பேண்டேஜ் வெட்டும் கத்தரி மேஜைமேல் கிடந்தது. சின்னக் கிழிசல்தானே, ஒரு நொடி வேலை, டெட்டால் வைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றியது. எடுத்தும்விட்டேன். அதன் இடது காதை இரண்டு விரலில் பிடித்தேன். அது கண் விழித்தது. நான் தடவிக் கொடுக்கத்தான் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துத் தலையை என் உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்தது.

சீ. என்ன ஜென்மம் நான்.

கத்தரியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அதற்கு முட்டை அவித்துக் கொடுத்தேன். முட்டையால் சரியாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

நவம்பர் 30, ஞாயிறு

இதற்குள் நான்கு வெயில் கிடைத்தது. இலை வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. உருவிப் பொடித்து ஊறுகாய் பாட்டிலில் அடைத்தேன். மெர்லின் சொன்னபடி மூடியை இறுக்கினேன். அது ஒன்றுதான் அவள் சொன்னபடி செய்தது.

டிசம்பர் 8, திங்கள்

நட்சத்திரம் கட்டினேன். வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன். ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. பூனை என் பின்னாலேயே அறை அறையாக வந்தது. உட்கார்ந்தால் காலடியில் வந்து படுக்கிறது. மடியில் ஏறப் பார்த்தால் தள்ளிவிடுகிறேன். மடி பன்னுவின் இடம். வீடியோ காலுக்கு மட்டும் ஏற்றிக்கொள்கிறேன். அதுவும் வெள்ளிக்கிழமையானால் சரியாக வந்து உட்காருகிறது, பாவி.

டிசம்பர் 18, வியாழன்

வந்துவிட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கார். கெசியா இளைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் வருகிறார். மெர்லின் கார் நிற்பதற்குள் குதித்து உள்ளே ஓடினாள்.

பூனை பயந்து நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. மெர்லின் தரையில் படுத்து, கையை நீட்டி, எத்தனையோ கொஞ்சினாள். மெல்ல வெளியே வந்தது. அள்ளி எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். ஒரு விரல் தானாக அதன் இடது காதுக்குப் போயிற்று. காதின் ஓரத்தில் மேலிருந்து கீழே தடவினாள். இன்னொரு முறை தடவினாள்.

நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் பூனையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தபடி இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்தோத்திரம்.

டிசம்பர் 19, வெள்ளி

காலையில் குளித்து, தலை சீவி, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி பாட்டிலைக் கேட்டாள். பாயை விரித்து, மூடியைத் திறந்து, ஒரு கை இலையைப் போட்டு, "பன்னு, வா" என்றாள். கெசியா போனில் வீடியோ எடுத்தாள்.

பூனை வந்தது. முகர்ந்தது. மெர்லின் மூச்சு விடாமல் பார்த்தாள். அது பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொள்ள ஆரம்பித்தது.

மெர்லினின் முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. அழவில்லை. வெளுத்துப் போனாள். நான் தயாராக வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். "ஐயோ மெர்லின், தப்பு என் மேலதான்டி. மழையில பூஞ்சை புடிச்சிரும்னு வெயில்ல போட்டுட்டேன். நீ அத்தன தடவ சொன்னே. என் புத்திய செருப்பால அடிக்கணும்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "வெயில்லயா போட்டீங்க? நெஜமாவா?"

"தகரத்து மேல. நாலு தடவ."

"அப்ப அதான்!" என்றாள். முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "அதான் பெரிம்மா, எண்ணெய் எல்லாம் போயிருக்கும். பன்னு மேல தப்பே இல்ல!" பூனையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். என் கழுத்தையும் கட்டிக்கொண்டாள். "நீங்க ஃபீல் பண்ணாதீங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம்கூட நிம்மதி வரவில்லை. கழுத்தில் அவள் கை பட்ட இடம் எரிந்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

எல்லாம் முடிந்தது.

கோவிலுக்குப் போய் வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாட்டிலை மெர்லின் ஜன்னல் திட்டில் மூடாமல் வைத்திருந்தாள், வாசனை போன இலைதானே என்று. திடீரென்று டமார். அடுத்த வீட்டுக் கறுப்புக் கடுவன் ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து பாட்டிலைத் தள்ளிவிட்டு, கொட்டிய இலைமேல் விழுந்தது. கன்னத்தைத் தேய்த்தது. மல்லாந்தது. நாலு காலும் மேலே. எச்சில் ஒழுகியது. தடியன் ஒருவன் கள் குடித்துவிட்டுச் சந்தையில் புரளுவதைப் போல அறை முழுக்கப் புரண்டது.

கெசியா விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, உன் வெயில் ஒண்ணும் பண்ணலையே! சரக்கு நல்லாத்தான் இருக்கு!"

மெர்லின் சிரிக்கவில்லை. கடுவனைப் பார்த்தாள். நாற்காலியில் தூங்கும் நம் பூனையைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"பெரிம்மா, பன்னுவுக்கு என்ன ஆச்சு?"

இது பன்னுவா இல்லையா என்று கேட்கவில்லை. அதைத் தாண்டிக் கேட்டாள். கெசியா, "என்னடி உளர்ற?" என்றாள். நான் சொன்னேன். மாத்திரை, வெண்ணெய், டாக்டரம்மா, பேரிக்காய் மரம், பேக்கரி, தகரம். கத்தரியையும் சொன்னேன். அது சொல்ல வேண்டியதே இல்லை, ஆனாலும் சொன்னேன்.

கெசியா எழுந்து நின்றாள். "மூணு மாசமா என் புள்ளைய வச்சு நாடகம் ஆடிருக்கே. கூடப் பொறந்தவளா நீ?" என்றாள். கேட்க வேண்டியதுதான்.

மெர்லின் மெதுவாகச் சொன்னாள். "காத தொட்டப்பவே தெரிஞ்சிருச்சு. ஆனா கேட்னிப்புக்கு உருண்டா பன்னுதான்னு நெனச்சுக்கலாம்னு இருந்தேன். உருளல. அப்பறம் வெயில்ல போட்டேன்னு சொன்னீங்க. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? ரெண்டு நாளா நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிசம்பர் 22, திங்கள்

யாரும் என்னோடு பேசவில்லை. சமைத்தேன். சாப்பிட்டார்கள். மெர்லின் சாப்பிடவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

மத்தியானம் மெர்லின் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "எங்க?" என்றாள்.

கொல்லைக்குக் கூட்டிப் போனேன். மரத்தடியில் உட்கார்ந்தாள். பாட்டிலில் மிஞ்சியிருந்ததில் கொஞ்சம் எடுத்து மண்மேல் தூவினாள். நான் தள்ளி நின்றேன். பூனை எங்கள் பின்னாலேயே வந்து, என் காலருகே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அதைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்கு என்ன பேரு?"

"பன்னுன்னுதான் கூப்பிடறேன்."

"அது பன்னுவோட பேரு. இதோட பேரு என்ன? பேக்கரில என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?"

"தெரியல. கேக்கல."

"கேக்கவே இல்லையா?"

இல்லை. மாத்திரைக்குக்கூட மனசு ஆயிரம் சமாதானம் சொன்னது, அறியாமல் செய்தேன் என்றது. இதற்கு அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு உயிரைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, செத்த பூனையின் பேரைச் சொல்லிச் சொல்லி, அது திரும்பவில்லை என்று அதன்மேலேயே எரிந்து விழுந்திருக்கிறேன்.

டிசம்பர் 24, புதன்

கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கீழ் பஜாருக்குப் போனேன். நாளைக்குக் கிறிஸ்துமஸ், பேக்கரி வாசலில் கேக் வாங்க ரோடு வரைக்கும் கூட்டம். மழைத் தூறல் வேறு. வரிசையில் நின்று நின்று என் முறை வந்தது. பேக்கரிக்காரர் நிமிரவேயில்லை. "பிளம் கேக் ஒரு கிலோதான் பாக்கி சேச்சி, வேணுமா?"

"கேக் வேண்டாங்க. செப்டம்பர்ல இங்கேர்ந்து ஒரு பூனைய கொண்டுபோனேன். பன் கலர்ல."

அவர் நிமிர்ந்தார். "அய்யோ, திருப்பிக் கொண்டாந்துட்டீங்களா?"

"இல்லைங்க. அதுக்கு நீங்க என்ன பேரு வச்சிருந்தீங்க?"

எனக்குப் பின்னால் நின்ற ஆள், "யம்மா, கேக் வாங்கற எடத்துல பூனைக்குப் பேரா?" என்றார். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார்.

"குட்டப்பன். எங்க கெடந்தாலும் பேரு சொன்னா ஓடி வந்துருவான். நீங்க கொண்டுபோன பிறகும் ரெண்டு மூணு நாள் நாங்க பழக்கத்துல கூப்பிட்டுட்டே இருந்தோம். சுகமா இருக்கானா?"

"இருக்கான்" என்றேன். வரிசையை விட்டு விலகினேன்.

வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளையை அழைத்து வரக் கெசியா போயிருந்தாள். மெர்லின் கூடத்தில் கலர் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. பூனை பீரோ மேல், பெட்டிகளுக்குப் பின்னால், ஆடும் வால் மட்டும் தெரிய. வாசற்படியில் குடையைக்கூட மடக்காமல் நின்று கூப்பிட்டேன்.

"குட்டப்பா."

வால் நின்றது. பெட்டிகளுக்கு நடுவே முகம் வந்தது. இரண்டு காதும் என் பக்கம்.

"குட்டப்பா, வா."

பீரோவிலிருந்து மேஜை, மேஜையிலிருந்து தரை, தரையில் ஒரே ஓட்டம். வந்து என் ஈரச் செருப்பின் முன்னால் நின்று, முகத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தியது. விடாமல் கத்தியது, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று என்னைக் கேட்பது போல. அதற்குக் குரல் இருக்கிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது மடியில் ஏறியது. தள்ளவில்லை.

மெர்லின் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள்.

"இரு" என்றேன்.

"ரொம்ப நாளைக்கு இருப்பேன்."

"சரி."

கலர் பேப்பரை ஒதுக்கித் தள்ளினாள். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, மெதுவாக, முதல் தடவையாக அதன் பேரைச் சொன்னாள். அது என் மடியிலிருந்து இறங்கி அவளிடம் போயிற்று.